ஆபத்தில் பேசிக்கொள்ள ஒரே வலை

2001 செப்டம்பர் 11 காலை 9.59-க்கு நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் சரிந்தது. சில நிமிடங்களில், மேலே வட்டமிட்ட போலீஸ் ஹெலிகாப்டரின் விமானி, வடக்குக் கோபுரமும் அதிக நேரம் தாங்காது என்று வயர்லெஸ்ஸில் எச்சரித்தார். போலீஸாருக்கு அது கேட்டது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு எட்டவில்லை. அவர்களுடைய வாக்கி டாக்கிகள் வேறு அலைவரிசையில் இருந்தன. பக்கத்துக் கோபுரம் விழுந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. 10.28-க்கு வடக்குக் கோபுரமும் விழுந்தது. அவர்களுடைய அதிகாரிகள் ஏற்கெனவே வெளியேறச் சொல்லியிருந்தார்கள், அதைக் கேட்டும் சிலர் மக்களை விட்டுவர மனமின்றி நின்றார்கள் என்பதும் உண்மை. அன்று மாண்ட 343 தீயணைப்புத் துறையினரின் சாவுக்கும் வயர்லெஸ்ஸே காரணம் என்பது தவறு. ஆனால் நிலைமை எவ்வளவு மோசம் என்று அறிந்து முடிவெடுக்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைக்கவே இல்லை.

இதைக் கருவிக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு துறையும் தனக்கென நிதி ஒதுக்கி, தனக்கெனக் கருவி வாங்கி, தனக்கென அலைவரிசை வைத்துக்கொள்ளும் நிர்வாகப் பழக்கத்தின் விளைவு இது. 2011 ஜூலை 22 அன்று நார்வேயின் உடோயா தீவில் ஒருவன் 69 பேரைக் கொன்றபோதும் இதே குறை தெரிந்தது. ஆஸ்லோ போலீஸார் புதிய டிஜிட்டல் வயர்லெஸ் வலைக்கு மாறியிருந்தார்கள். தீவு இருந்த மாவட்டத்துக்கு அந்த வலை இன்னும் வந்திருக்கவில்லை. நாட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் வந்த வலை, எல்லைக்கோட்டில் அறுந்துவிடுகிறது. பின்லாந்து அப்படி விடவில்லை. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், எல்லைக்காவல் எல்லாவற்றுக்குமான விர்வே வலையை 2002-க்குள் நாடு முழுவதும் அமைத்துவிட்டது.

எல்லாரும் ஒரே வலையில் பேசினால் சந்தை இரைச்சல் ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. பொதுவாக இருப்பவை கோபுரங்களும் இணைப்பகங்களும்தான். அன்றாடம் அவரவர் தத்தம் குழுவில்தான் பேசுகிறார்கள். பெரிய விபத்து என்றால், கையிலுள்ள கருவியிலேயே கூட்டுக் குழுவுக்கு மாறிக்கொள்ளலாம். உயிராபத்தில் இருப்பவர் அவசரப் பொத்தானை அழுத்தினால், நெரிசலிலும் அந்த அழைப்புக்கே முதலிடம். எப்போது, யார் சொல்லி மாறுவது என்பதற்கு முன்கூட்டியே பயிற்சி வேண்டும். அதில்தான் பல நாடுகள் சறுக்குகின்றன.

ஒரே வலை விழுந்தால் எல்லாரும் ஊமையாவார்களே என்ற கேள்வி இன்னும் கனமானது. 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் மின்சாரத்தைப் பறித்தபோது டிஜிட்டல் வயர்லெஸ்ஸும் பல இடங்களில் முடங்கியது. அதற்காகத் துறைக்கொரு வலை வைத்திருந்தாலும் அவையும் அதே வெள்ளத்தில்தான் நின்றிருக்கும். கோபுரங்களுக்கு நீண்ட நேரம் தாங்கும் பேட்டரி, ஜெனரேட்டர், கோபுரம் இல்லாமலே கருவிக்குக் கருவி நேரடியாகப் பேசும் வசதி ஆகியவைதான் தீர்வு.

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது: வலை யார் கையில் இருப்பது? பிரிட்டனில் இந்தச் சேவை ஏர்வேவ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. 2019-க்குள் வந்திருக்க வேண்டிய மாற்று வலை தள்ளிக்கொண்டே போனதால், வேறு வழியின்றி அரசு அதையே நம்பியிருக்க, 2023-இல் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு அதன் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. பின்லாந்தில் வலையை நடத்துவது அரசு நிறுவனம். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் மாற்று வழியின்றி நம்பியிருக்கும் ஒரு வலை பொதுச் சொத்தாகத்தான் இருக்க வேண்டும்.