ஒரு வாயிலில் பல கருவிகள்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் முன்னாளில் ஒரு தொல்லை இருந்தது. தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிளைப்பாதை குறுகியது. சென்னை–சேலம் பாதையோ அகலமானது. ஆகவே சரக்கை இங்கே இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். அக்குறுகிய பாதை இன்று இல்லை.

1990-களின் நடுவரை கணிப்பொறியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அச்சுப்பொறிக்கு ஒருவகை வாயில், விசைப்பலகைக்கு வேறொன்று. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. இதனை நீக்க இன்டெல், ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த பொது விதியே 'யு.எஸ்.பி.' 1996 சனவரியில் வெளிவந்தது. இன்டெலில் இப்பணியை முன்னின்று நடத்தியவர், பரோடாவில் கல்வி பயின்ற அஜய் பட்.

இதன் அடிப்படை வடிவில் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு 5 வோல்ட் மின்சாரத்திற்கு; இரண்டு செய்திக்கு. கருவியை மாட்டியவுடன் கணிப்பொறி அதனை இன்னதென விசாரித்து ஓர் எண் வழங்கும். பின்னர் ஒவ்வொன்றையும் முறை வைத்து அழைக்கும். அழைக்காமல் எக்கருவியும் பேசாது. ஒரே வாய்க்காலில் பலர் முறை வைத்து நீர் பாய்ச்சுவது நமக்குப் புதிதன்று. இவ்வாறு 127 கருவிகள் வரை இணைக்கலாம் என்பது விதி.

ஆனால் முறை வைத்துப் பகிரலாம் என்பது செய்திக்கே பொருந்தும், மின்சாரத்திற்குப் பொருந்தாது. சாதாரண 2.0 வகை வாயில் தருவது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. வாயில் போதாதென்று 'ஹப்' என்னும் கிளைப்பெட்டியை வாங்கி, அதில் நான்கைந்து கருவிகளை மாட்டினால், இவ்வளவையும் அவை பங்கிட்டுக் கொள்ளும். விற்பவர் இதனைச் சொல்வதில்லை. விளைவு, கைரேகைக் கருவி இடையிடையே நின்றுபோகும். காடு கழனியில் உழைத்த முதியவரிடம், "உங்கள் ரேகை தேய்ந்துவிட்டது" என்று கூறித் திருப்பி அனுப்புகிறோம். சிலரது ரேகை தேய்ந்திருப்பது மெய்யே. எனினும், குறை விரலிலா கம்பியிலா என்று முதலில் பார்த்தல் வேண்டாவா?

கைரேகைக் கருவியைக் கிளைப்பெட்டியில் மாட்டாமல் கணிப்பொறியிலேயே நேராக மாட்டுக. அச்சுப்பொறிக்குத் தனி மின்இணைப்பு உண்டாதலால், அது கிளைப்பெட்டியில் இருக்கலாம். கிளைப்பெட்டி வாங்கும்போது தனி மின்இணைப்பு உள்ளதைக் கேட்டு வாங்குக. கம்பி 5 மீட்டருக்கு மேற்படலாகாது.

பென் டிரைவைத் திடீரெனப் பிடுங்கினால், எழுதி முடியாத கணக்கு கெடக்கூடும். திரையில் வெளியேற்றும் கட்டளை கொடுத்த பின்னரே எடுக்க வேண்டும். அயலார் கொணரும் பென் டிரைவை வரிப்பதிவேடு உள்ள கணிப்பொறியில் மாட்டவே கூடாது. கொணர்ந்தவர் எத்துணை வேண்டியவராயினும் சரி.