குறைந்த காவலர்கள், பல வாயில்கள்: பாதுகாப்புக்கு உதவும் ஆட்டக் கோட்பாடு

விமான நிலையம், துறைமுகம், வனவிலங்குக் காப்பகம் என எதுவாயினும், காக்க வேண்டிய இடங்கள் அதிகம், காவலர்கள் குறைவு. அவர்களை எங்கே, எப்போது நிறுத்துவது என்பதை முடிவுசெய்ய, 'கேம் தியரி' என அறியப்படும் ஆட்டக் கோட்பாடு கைகொடுக்கிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையம் 2007 ஆகஸ்டில் 'ஆர்மர்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. நுழைவுச் சாலைகளில் சோதனைச் சாவடிகளை எப்போது அமைப்பது, மோப்ப நாய்களை எந்த முனையத்துக்கு அனுப்புவது என்பதை அது வகுத்துத் தந்தது. இதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், ராஜஸ்தானின் பிலானியில் உள்ள பிட்ஸ் கல்வி நிறுவனத்தில் பயின்ற மிலிந்த் தாம்பே.

கணக்கு எவ்வாறு செயல்படுகிறது?

தாக்க நினைப்பவர் முதலில் காவல் ஏற்பாட்டை நோட்டமிடுவார். அதில் இடைவெளி தெரியும் இடத்தையே தேர்ந்தெடுப்பார். ஒருவர் முந்தி முடிவெடுக்க, மற்றவர் அதைக் கண்டபின் நகரும் இத்தகைய போட்டியை, பொருளியலாளர் ஸ்டாக்கல்பெர்க் 1934-இல் சந்தை நிறுவனங்களை முன்வைத்து விளக்கினார்.

எடுத்துக்காட்டாக, ஒரு வளாகத்துக்கு இரண்டு வாயில்கள், ஒரே காவல் குழு எனக் கொள்வோம். காவலற்ற வேளையில் முதன்மை வாயில் தாக்கப்பட்டால் இழப்பு 3 பங்கு. பக்க வாயில் என்றால் 1 பங்கு. காவல் இருந்தால் இழப்பு இல்லை.

குழுவை எப்போதும் முதன்மை வாயிலிலேயே நிறுத்தினால், எதிரி பக்க வாயிலைத் தாக்குவார். இழப்பு 1 பங்கு. இரு வாயில்களுக்கும் நாள்களைச் சரிபாதியாகப் பிரித்தால், முதன்மை வாயிலில் சராசரி இழப்பு 1.5 பங்காக உயரும். முதன்மை வாயிலுக்கு 75 சதவீதம், பக்க வாயிலுக்கு 25 சதவீதம் எனப் பிரித்தால், எங்கே தாக்கினாலும் சராசரி இழப்பு 0.75 பங்குதான். இதைவிடச் சிறந்த பங்கீடு இல்லை.

ஆனால் எந்த நாளில் எந்த வாயில் என்பதைக் குலுக்கல் முறையிலேயே முடிவுசெய்ய வேண்டும். நான்கு நாள்களுக்கு ஒருமுறை பக்க வாயில் என அட்டவணையிட்டால், எதிரி அந்த நாளுக்காகக் காத்திருந்து முதன்மை வாயிலைத் தாக்குவார். இழப்பு முழுமையாக 3 பங்காகிவிடும்.

கணினி எதற்கு?

மனிதர்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதாக எண்ணினாலும், அவர்களை அறியாமலேயே ஓர் ஒழுங்கு உருவாகிவிடுகிறது. மேலும், 100 விமானங்களில் 10 விமானங்களைத் தெரிவுசெய்து பாதுகாவலர்களை அனுப்பும் வழிகள் மட்டுமே 17 லட்சம் கோடிக்கும் அதிகம். இவற்றைக் கையால் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. பின்னர் அமெரிக்க விமானப் பாதுகாவலர் பிரிவும், பாஸ்டன் துறைமுகத்தில் அந்நாட்டுக் கடலோரக் காவல் படையும் இம்முறையைக் கையாண்டன.

வரம்புகள்

எந்த இடத்தின் இழப்பு எவ்வளவு என்பதை அதிகாரிகளே மதிப்பிட்டுத் தர வேண்டும். அது தவறினால் விடையும் தவறும். எதிரி எப்போதும் துல்லியமாகக் கணக்கிட்டு நடப்பார் என்பதற்கும் உறுதியில்லை. இதனால், உகாண்டாவின் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவில் ரோந்துப் பாதைகளை வகுக்கச் சோதிக்கப்பட்ட 'பாஸ்' என்ற மென்பொருள், முந்தைய வேட்டைத் தடயங்களின் பதிவுகளையும் கணக்கில் கொள்கிறது.

மேற்கண்ட கணக்கில் மிகச் சிறந்த பங்கீட்டிலும் இழப்பு பூஜ்ஜியமாகவில்லை. ஆட்டக் கோட்பாடு காவலர் பற்றாக்குறையைப் போக்காது. எதிரி எத்தனை நாள் நோட்டமிட்டாலும் நாளைய காவல் எங்கே என்பதை அறிய முடியாதபடி செய்வதே அதன் பயன்.