பூட்டிய கதவும் தீயணைப்போர் கைக்கருவியும்

தீப்பற்றிய வீட்டினுள்ளே ஓர் உயிர் சிக்கியிருக்கின்றது. வெளியே தீயணைப்போர் நிற்கின்றனர். இரு சாராரையும் முதலிற் பிரித்து நிற்பது பூட்டிய கதவேயாம். கள்வரைத் தடுத்தற்கென அமைத்த கதவு காப்போரையும் தடுத்துவிடுகின்றது. இத்தடையை நீக்குதற்கு எழுந்த கைக்கருவி எவ்வாறு உருப்பெற்றது, அதனைக் கையாள்வோர் எத்திருத்தங்களைச் செய்தனர், அத்திருத்தங்களின் எல்லை யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயோர்க் நகரத் தீயணைப்புப் படையினர் ஒரு நுனி கொக்கியாக வளைந்தும் மறுநுனி கவையாகப் பிளந்தும் உள்ள கனத்த இரும்புத் தண்டொன்றைக் கையாண்டனர். கொக்கி தண்டின் நேர்கோட்டினின்றும் விலகி நின்றமையால், அதன்மேல் விழும் அடி நேரே செல்லாது வழுக்கியது. இக்குறையை நீக்க விரும்பிய அணித்தலைவர் ஜோன் கெலி, ஒரு நுனியில் வாய்ச்சியும் மறுநுனியில் உளியும் அமைந்த நேரான கருவியொன்றை வகுத்தார். இதில் அடி நேரே இறங்கிற்று. ஆயினும் இதுவும் பாரமானதே. கவையின் வேலையை இஃது ஆற்றவும் இல்லை.

1948ஆம் ஆண்டில், அப்படையின் துணைத்தலைவர்களுள் முதல்வராயிருந்த ஹியூ ஹலிகன் இவ்விரண்டின் பயனையும் ஒரே தண்டில் அடக்கினார். ஒரு முனையில் வாய்ச்சியும் அதற்குக் குறுக்கே ஒரு கூர்முனையும், மறுமுனையிற் கவையும் அமைந்தன. உறுப்புக்களைத் தனித்தனியே செய்து ஒட்டாமல், முழுவதையும் ஒரே உருக்கிற் காய்ச்சி அடித்தமை இதன் சிறப்பாகும். ஒட்டு இல்லாதவிடத்து ஒட்டு விடுதலும் இல்லையன்றோ? அவர் தம் படையின் அதிகாரியாதலின், அப்படை இதனை வாங்குதல் முறையன்று எனக் கருதப்பட்டதென்றும், பொஸ்ரன் நகரமே முதலிற் பெருந்தொகையாய் வாங்கிற்றென்றும் கூறுவர்.

இதன் ஆற்றல் நெம்புகோல் தத்துவத்தில் அடங்கியுள்ளது. தண்டின் நீளம் 30 அங்குலம், வாய்ச்சியின் அகலம் 2 அங்குலம் எனக் கொள்வோம். வாய்ச்சியைக் கதவுக்கும் நிலைக்கும் இடையேயுள்ள இடுக்கிற் செருகித் தண்டை மேலோ கீழோ அசைப்பின், உராய்வை விலக்கிக் கணக்கிடுமிடத்து, கைவிசை ஏறக்குறைய 15 மடங்காகும். 6 அங்குலக் கவையைக் கொண்டு நெம்பின் 4 மடங்கே கிடைக்கும். ஆனால் கதவு அதிக தூரம் நகரும். ஆதலின் உட்புறமாகத் திறக்கும் கதவில், முதலில் வாய்ச்சியால் இடைவெளி உண்டாக்குவர். பின்னர், கவையின் புடைத்த புறம் கதவை நோக்கியிருக்க அதனைச் செருகி, கோடரியின் தட்டைப் பின்புறத்தால் அடித்து இறக்குவர். நிறைவாகத் தண்டைக் கதவுப்பக்கம் தள்ளுவர். வெளிப்புறமாகத் திறக்கும் கதவுக்கு வாய்ச்சியே போதும். கூர்முனை ஆமைப்பூட்டின் வளையத்தை முறிக்க உதவும்.

பட்டறையினின்று வந்த கருவியை அவ்வாறே வைத்துக்கொள்ளாது, தீயணைப்போர் தத்தம் அனுபவத்திற்கேற்பத் திருத்துவர். இறுகிய கதவில் தடித்த நுனி நுழையாதாகலின், கவையின் நுனிகளை அரத்தால் அராவி மெல்லிதாக்குவர். நிலையின் தடிப்பைக் கவை கடந்துவிட்டதா என்பதைப் புகையினுள்ளும் அறிதற்பொருட்டு அதன்மேல் ஓர் அடையாளம் வெட்டுவர். ஈரக்கையுறை வழுக்காதிருக்கத் தண்டிற் பட்டி சுற்றுவர்.

எனினும் ஒவ்வொரு திருத்தமும் ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பறிக்கும். அளவுமீறி அராவிய நுனி வளையும். அன்றேல் முறிந்து தெறிக்கும். சாணைச் சக்கரத்தின் வெப்பத்தால் உருக்கு நீலநிறம் அடையின் அதன் பதம் கெட்டதாகும். ஆதலாற் கையரமே சாலச் சிறந்தது. புதிய வளையத்தைத் தண்டில் உருக்கி ஒட்டுவோர், ஒரே உருக்கினால் விளைந்த உறுதியைத் தாமே குலைப்பவராவர். தடிப்பாகச் சுற்றிய பட்டியோ, கையும் கோடரியும் தண்டின்மேல் வழுக்கிச் செல்லவேண்டிய வேளையில் இடையூறாகும்.

இன்னுமொன்று நினைத்தற்குரியது. திறந்த கதவு மீட்போருக்கு மாத்திரமன்றி, காற்றுக்கும் வழிவிடுகின்றது. காற்றுப் பெற்ற தீ கணப்பொழுதிற் பெருகும். ஆகவே கதவை உடைத்தெறிதல் வெற்றியன்று. திறந்தபின் மீண்டும் சாத்தக்கூடியதாய் அதனை வைத்திருத்தலே திறமை. அதனாலேயே, உட்புறம் திறக்கும் கதவைத் திறக்குமுன் அதன் கைபிடியிற் பட்டியொன்றைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுமாறு பயிற்றுவர்.

கருவியைத் திருத்துதற்கு அரம் ஒன்றே போதும். எதனை அராவலாம், எதனைத் தொடலாகாது என்னும் தெளிவோ, பயிற்சிக் கதவுகள் பலவற்றைத் திறந்து பழகிய கைக்கே வாய்க்கும். அத்தெளிவில்லார் செய்த திருத்தத்தின் குறை, தீயின் முன்னே, அடைபட்ட உயிரொன்று காத்திருக்கும் வேளையிலேயே வெளிப்படும்.