உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கு ஒரு தேங்காய்

மீனவர் தெய்வம் கடற்கரையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? மும்பை, ராய்காட் கரையோரத்துக் கோலி மீனவர்கள் கும்பிடும் ஏக்வீரா ஆயி குடியிருப்பது புனே மாவட்டத்தில், லோனாவளாவுக்குப் பக்கத்துக் கார்லா மலையில். சைத்ர மாத ஜாத்திரைக்குக் கடலோரக் கிராமங்களிலிருந்து பல்லக்குடன் மலையேறி வருகிறார்கள். கோயிலை ஒட்டினாற்போல் இருக்கிறது புகழ்பெற்ற கார்லா பௌத்தக் குடைவரை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொங்கணத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு, போர் காட் கணவாய் ஏறித் தக்காணத்துக்குப் போன வழி இது. குடைவரைத் தூண்களில் கொடையாளிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களில் யவனர்களும் உண்டு.

*

அதே லோனாவளாவில், கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேலே, ஐ.என்.எஸ். சிவாஜி 'நிற்கிறது'. கப்பல் அல்ல, கடற்படையின் பொறியியல் பயிற்சிக்கூடம். கரையில் இருந்தாலும் கப்பல் பெயர் சூட்டுவது கடற்படை வழக்கம்.

*

தமிழ்நாட்டில் யஜுர்வேதிகள் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டமும், வடக்கே ராக்கி கட்டும் ரக்ஷாபந்தனும் பெரும்பாலும் ஒரே பௌர்ணமியில் வருகின்றன. மகாராஷ்டிரக் கரையில் அன்றைக்கு நாரளி பௌர்ணமி. கோலிகள் படகுக்கு வண்ணம் பூசி, கொடி கட்டி, பொன்னிறத் தாள் சுற்றிய தேங்காயை மேளதாளத்தோடு எடுத்துப்போய்க் கடலுக்குக் கொடுப்பார்கள். மழைக்காலச் சீற்றம் தணியட்டும், படகு பத்திரமாகத் திரும்பட்டும் என்ற வேண்டுதல்.

தென்மேற்குப் பருவமழையின்போது அரபிக்கடல் கொந்தளிக்கும். பல மீன்கள் முட்டையிடும் காலமும் அதுதான். இப்போது மேற்குக் கரையில் இயந்திரப் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் அரசுத் தடை இருக்கிறது. (நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.) ஆகஸ்ட் பிறந்ததும் சட்டப்படி வலை வீசலாம். ஆனாலும் தேங்காய் கொடுக்காமல் கடலில் இறங்க மனம் வராதவர்கள் கோலிகளின் குடியிருப்புகளான கோலிவாடாக்களில் இன்றும் உண்டு. தடைச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பஞ்சாங்கம் ஒரு தடைக்காலம் வைத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடலே இல்லாத புனேயின் அடுப்படிகளில் அன்று நாரளி பாத். தேங்காய், வெல்லம், கிராம்பு, ஏலக்காய் சேர்த்த இனிப்புச் சாதம். கடுகு தாளித்த நம்மூர்த் தேங்காய் சாதம் என்று நினைத்து வாயில் வைக்கும் தமிழர் முதல் கவளத்தில் திடுக்கிடுவார்.

*

கப்பலை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கும்போது ஐரோப்பாவில் ஷாம்பெயின் புட்டி உடையும். இங்கே தேங்காய் உடையும். போர்க்கப்பலுக்குப் பெயர் சூட்டி இறக்கிவிடுபவர் பெரும்பாலும் ஒரு பெண்மணி. அதர்வ வேத மந்திரமும் ஓதப்படும். 2013 ஆகஸ்ட் 12 அன்று கொச்சியில் விக்ராந்தை இறக்கிவைத்தவர் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியின் மனைவி எலிசபெத்.

'வருணன் நமக்கு நலம் செய்யட்டும்' என்று பொருள்படும் உபநிடத வாசகம் கடற்படையின் இலச்சினையில் இருக்கிறது. அதைப் பரிந்துரைத்தவர் நம் ராஜாஜி. நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகச் சொன்ன தொல்காப்பியத்தின் நாட்டுக்காரர் வேறு யாரைச் சொல்லியிருப்பார்!

*

திருகோணமலையின் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று இன்றும் மிதக்கிறது. எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. 1817-இல் மும்பையில், மலபார் தேக்கில், பார்சி வாடியா குடும்பத்தார் கட்டியது. அடிமரம் நாட்டும்போது அதில் வெள்ளி ஆணி ஒன்றை அறைவது அவர்கள் சம்பிரதாயம். கப்பலுக்கு அது காப்பு. இரு நூற்றாண்டு தாண்டி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது.

*

பாய்மரத்தின் அடியில் காசு வைப்பது ரோமானியர் காலத்து வழக்கம். 1962-இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து வெளிப்பட்ட பிளாக்ஃபிரையர்ஸ் கப்பலில், பாய்மரம் ஊன்றும் குழியில் ரோமப் பேரரசர் டொமிஷியன் காலத்துக் காசு கிடைத்தது. காசில் பொறித்திருந்தது அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சுனா. கையில் சுக்கான்! கிடைத்த காசைப் போடாமல் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள் போலும்.

*

நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து வரும் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை விழுந்த கப்பலை நாகூர் ஆண்டவர் காப்பாற்றினார் என்ற நம்பிக்கை கடலோடிகளோடு கடல் தாண்டியது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828–30-இல் எழுந்தது ஒரு நாகூர் தர்கா. அன்று அந்தத் தெருவே கடற்கரை.

*

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பியவர்கள் இரண்டு கடற்படை அதிகாரிகள், தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும். 2025 மே மாதம் திரும்பினார்கள். படகுக்குப் பெயர் தந்தது ஒடிஷாவின் தாரா தாரிணி. கடலோடிகளைக் காக்கும் தாய். அவள் கோயிலும் மலைமேல்தான்.

*

பூமத்திய ரேகையை முதன்முறை கடப்பவரை 'நெப்டியூன்' விசாரித்துத் தண்டிக்கும் கூத்து பழைய மாலுமி வழக்கம். 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் மாட்டியவர் 23 வயது சார்லஸ் டார்வின். கண்ணைக் கட்டி, முகத்தில் தாரும் வண்ணமும் அப்பி, இரும்புப் பட்டையால் 'சவரம்' செய்து, தண்ணீர் நிரப்பிய பாய்த்துணியில் தள்ளினார்கள்.

*

மீனவர் போகும்முன் கடலிடம் அனுமதி கேட்டார். மேல்சாதியினர் கடல் தாண்டித் திரும்பி வந்தபின் ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. முன்னதற்குச் செலவு ஒரு தேங்காய். பின்னதற்கு?

புனேயை ஆண்ட பேஷ்வா மரபில் பதவிக்குப் போராடிய ரகுநாதராவ் கதையைக் கேளுங்கள். ஆங்கிலேயர் உதவி தேடி அவர் லண்டனுக்கு அனுப்பிய தூதுக்குழு 1781-இல் அங்கே இருந்தது. அதில் ஹனுமந்தராவ் என்ற பிராமணரும் பார்சிகளும். வேற்றார் சமையலைத் தொட முடியாமல் தவித்தவரைத் தன் பீக்கன்ஸ்ஃபீல்டு வீட்டுக்கு அழைத்துப்போனவர் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க். தோட்டத்துக் கண்ணாடிச் செடிக்கூடத்தையே அடுக்களையாக ஒதுக்கிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் தீட்டுப் பிரச்சினை. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பொன்னில் செய்த யோனி வடிவத்தின் வழியே நுழைந்து வெளிவந்து 'மறுபடி பிறந்த' பின்புதான் பிராமணத் தூதர்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வில்ஃபோர்டு என்பவர் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். திருவிதாங்கூர் மன்னர்கள் செய்த ஹிரண்யகர்ப்பம் என்ற பொற்கருப்பைச் சடங்கின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். லண்டன் போய்வந்த கப்பல் செலவைவிட இது கூடுதலாக ஆகியிருந்தால் ஆச்சரியமில்லை.

*

கடல் தாண்டுவதைப் பாவப் பட்டியலில் வைக்கும் பௌதாயன தர்மசூத்திரமே, அது வடக்கத்தியர் வழக்கங்களில் ஒன்று என்றும் சொல்கிறது. அதாவது, தடையும் இருந்தது, போய்க்கொண்டும் இருந்தார்கள். இந்த வழக்குகளையெல்லாம் அலசும் பி.வி. காணேயின் தர்மசாஸ்திர வரலாறு 1930 முதல் 1962 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனத்திலிருந்து.

*

1883-இல் கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்காவில் மருத்துவம் படித்த ஆனந்திபாய் ஜோஷி, இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன் என்று செராம்பூரில் மேடையேறிச் சொல்லிவிட்டே கிளம்பினார். பட்டம் பெற்றுத் திரும்பியவர் 1887 பிப்ரவரியில் புனேயில் காலமானபோது வயது 22கூட நிறையவில்லை.

*

1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறிய கணிதமேதை ராமானுஜனுக்கு, அம்மா கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயார் சம்மதம் சொன்னதாகக் குடும்பக் கதை. குடுமிக்குச் சம்மதம் கிடைக்கவில்லை. கிளம்பும் முன்பே வெட்டியாயிற்று.

*

வழியனுப்பினால் அபராதம் என்று கேட்டதுண்டா? 1888-இல் இங்கிலாந்துக்குக் கிளம்பிய காந்தியை மும்பையில் அவர் சாதிக்கூட்டம் விலக்கிவைத்தது. உதவி செய்பவருக்கும், துறைமுகம் போய் வழியனுப்புபவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். 1891-இல் திரும்பியபோது அண்ணன் அவரை நாசிக்குக்கு அழைத்துப்போய் கோதாவரியில் முழுக்காட்டி, ராஜ்கோட்டில் சாதி விருந்தும் வைத்தார். ஒரு பிரிவு ஏற்றுக்கொண்டது, மற்றது அசையவில்லை. அக்காள் வீட்டிலும் மாமனார் வீட்டிலும் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. இரகசியமாகக் கொடுக்க அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். ஒளித்துச் செய்வது பிடிக்காமல் இவர்தான் குடிக்கவில்லை.