வைத்தியநாதர் ஆரம்பித்து வைத்த வழக்கம்!

நோயாளி இருக்கும் இடத்துக்கே தேடி வந்து வைத்தியம் பார்த்த முதல் டாக்டர் யார் தெரியுமோ? எங்க ஊர்க்காரர்தான்! ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி.

பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணுக்கு, அவளுடைய தாய் வந்து சேராததால், சிவபெருமானே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். அதே கோயிலுக்குத் தீராத வயிற்று வலியோடு வந்து குணமானாராம் திருமலை நாயக்கர். ஆக, பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு 'ஹவுஸ் விசிட்', மகாராஜாவுக்கு 'அவுட் பேஷன்ட்'! யாரைத் தேடிப் போகணும், யாரை வரச் சொல்லணும் என்று எங்க சுவாமிக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அம்மா. அவருக்கே பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்ட பிறகுதான், தேடி வரும் வைத்தியத்தின் அருமை எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, "இனிமே பிசியோதெரபிதான் முக்கியம்" என்று அனுப்பி வைத்தார்கள். முதல் இரண்டு வாரம் ஆட்டோவில் போனோம். கட்டிலிலிருந்து தூக்க ரெண்டு பேர், ஆட்டோவில் ஏற்ற மூணு பேர், வேடிக்கை பார்க்கத் தெருவே! போய்ச் சேர்வதற்குள் அம்மா துவண்டுவிடுவார். அரை மணி நேரப் பயிற்சியில் பாதி நேரம் மூச்சு வாங்குவதற்கே சரியாக இருக்கும். "ஏப்பா, போயிட்டு வர்றதே பெரிய எக்சர்சைஸா இருக்கே... அங்க வேற எதுக்கு?" என்றார் அம்மா.

இதற்கு நடுவே உறவுக்கூட்டம். ஒருத்தர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். "எனக்குக் கை விழுந்ததுக்குப் புறா என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா கேட்ட கேள்வியில் அவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

'கரண்ட் மெஷின் எங்கே?'

கடைசியில் வீட்டுக்கே வரும் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பிடித்தோம். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ஸ்கூட்டரில் வந்து இறங்கியது அந்தப் பெண். பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது என்றுதான் எங்க பக்கத்தில் பலருக்கும் நினைப்பு. அம்மாவும், "மெஷின் கொண்டு வரலையா தாயி?" என்றார் ஏமாற்றத்தோடு.

அந்தப் பெண் அம்மாவின் காலைத் தொடுவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்த்தது. கட்டில் தாழ்வாக இருக்கிறது, எழுந்திருக்கச் சிரமம் என்று கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தச் சொன்னது. வழுக்குகிற மிதியடி வெளியே போனது. பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி வந்தது. பின்கட்டுக்குப் போகும் நிலைப்படியைப் பார்த்து, "இதை அம்மா தானா தாண்டணும். இதான் நம்ம முதல் பரீட்சை" என்றது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் பத்தடி நடந்தால் மட்டும் போதுமா? அம்மா வாழ வேண்டியது இந்த நிலைப்படி உள்ள வீட்டில். பழக வேண்டிய இடத்திலேயே பழகுவதுதான் வீட்டுப் பயிற்சியின் பெரிய லாபம்.

பக்கவாதத்தில் செத்துப்போன மூளைச் செல்கள் திரும்ப வராது. ஆனால், திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்தால் மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். முதல் மூன்று முதல் ஆறு மாதம்தான் இந்தப் படிப்பு வேகமாக நடக்கும் காலம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு; வேகம்தான் குறையும்.

மிச்சம் 165 மணி நேரம்

ஒருநாள் அம்மாவைத் தூக்கிவிட அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பெண் பதறிவிட்டது. "சார், அந்தக் கையை இழுக்காதீங்க! சதை தளர்ந்திருக்கு, தோள் மூட்டு நழுவிடும்." அத்தனை நாளாக நான் பாசத்தோடு செய்து வந்த தப்பு அது. வீட்டுக்கு வந்ததால்தானே அது கண்ணில் பட்டது?

இன்னொரு கணக்கும் சொன்னது. "நான் வாரத்துக்கு மூணு நாள், ஒரு மணி நேரம் வர்றேன். வாரத்துக்கு 168 மணி நேரம். மிச்சம் 165 மணி நேரமும் நீங்கதான் பிசியோதெரபிஸ்ட்!"

அன்று முதல் எங்க வீட்டில் எல்லோரும் டாக்டர். படுக்கையில் ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது மனைவி. எண்ணிக்கை எழுதுவது மகள். அம்மா பத்துத் தடவை காலைத் தூக்கச் சொன்னால் ஆறுக்கு அப்புறம் நேரே ஒன்பதுக்குத் தாவுவார்! காபி டம்ளர்கூட இடது பக்கம்தான் வைக்கப்படும். அரிசியில் கல் பொறுக்குவது, துண்டு மடிப்பது எல்லாமே பயிற்சி.

அம்மாவின் ஆசை என்ன என்று அந்தப் பெண் கேட்டது. "வைத்தியநாதருக்கு என் கையால பூக்கட்டணும் தாயி." ஆண்டாள் மாலை சூடிய ஊரில் வேறென்ன ஆசை வரும்! அடுத்த நாளே உதிரிப்பூவும் நாரும் வந்துவிட்டன. பூக்கட்ட ரெண்டு கையும் வேண்டுமே... அதைவிட நல்ல எக்சர்சைஸ் ஏது?

ஞாபகம் இருக்கட்டும்

வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் வீட்டு வைத்தியமே கூடாது. உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான் பலன் தரும். வீட்டுப் பயிற்சி அதற்குப் பிறகு, டாக்டர் சம்மதத்தோடு. நடுவில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வருகிறவர் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பணம் கொடுக்க முடியாதவர்கள்? 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வரச் செய்தார்கள். 2024-ல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். இடது கை விரல்கள் இன்னும் முழுசாக விரியவில்லை. ஆனால், ஐந்தாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஊன்றுகோலோடு அந்த நிலைப்படியைத் தாண்டினார். கையில் ஒரு முழம் பூ. கட்டு கொஞ்சம் தளர்வுதான். தூக்கினால் நாலு பூ உதிர்ந்தது.

பின்னாலேயே ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். அம்மா திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"எதுக்குடா இப்படிக் கையை நீட்டிட்டு வர்றே? உதிர்ந்த பூவைப் பொறுக்கு!"