தேடுபொறிக்கு எட்டாத அரசுப் பக்கங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம்மைப் பற்றிய விவரங்களை எவரும் கேட்குமுன்னரே தாமாக வெளியிடல் வேண்டும் என விதிக்கிறது. அவ்வாறு வெளியிடும் வழிகளுள் இணையத்தையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. ஆயினும் இணையத்தில் ஏற்றப்பட்ட ஒரு பக்கம் மக்களைச் சென்றடைவது பெரும்பாலும் தேடுபொறியின் வாயிலாகவே ஆகும். கல்வி உதவித்தொகை ஒன்றின் பெயரைத் தட்டெழுதித் தேடும் மாணவனுக்கு, அது எத்துறையின் எந்தத் தளத்தில் உள்ளது என்பது தெரியாது. தேடுபொறி காட்டாத பக்கம் அவனளவில் வெளியிடப்படாத பக்கமே. அந்த வெற்றிடத்தில் இடைத்தரகர்களின் தளங்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் விண்ணப்பத்திற்கு அவன் பணம் செலுத்த நேரிடுகிறது.

இக்குறைக்கு நிதியின்மையோ ஆளின்மையோ எப்போதும் காரணமல்ல. பல வேளைகளில் நிரல் எழுதுவதில் நேரும் சிறு பிழையே காரணமாகிறது.

தேடுபொறி, 'ஊர்வி' எனப்படும் ஒரு நிரலை அனுப்பித் தளங்களைப் படிக்கிறது. ஊர்வி ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்திற்குச் செல்லும். படித்தவற்றைத் தேடுபொறி ஒரு பெரிய அட்டவணையில் பதிவு செய்கிறது. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது விடை வருவது அந்த அட்டவணையிலிருந்துதான். ஆகவே ஊர்வி படிக்க இயலாத பக்கம், எத்துணைப் பயனுடையதாயினும், அட்டவணையில் உரிய இடம் பெறாது.

ஊர்வி எங்கெங்குச் செல்லலாம் என்பதைத் தளத்தின் உரிமையாளர் 'ரோபாட்ஸ்' என்னும் சிறு கோப்பில் எழுதி வைக்கலாம். 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த இவ்வழக்கம் 2022-இல் முறையான இணையத் தரமாக வெளியிடப்பட்டது. இக்கோப்பில் தடை குறிக்கும் வரியில் சாய்கோடு ஒன்றை மட்டும் இட்டால், தளம் முழுவதுமே ஊர்விக்கு அடைபட்டுவிடும். புதிய தளத்தைச் சோதனை நிலையில் வைத்திருக்கும்போது இத்தடையை இடுவது முறையானதே. திறப்பு விழா நாளன்று அதனை நீக்க மறந்துவிடுவதுதான் பிழை. தளம் எல்லோருடைய திரையிலும் சரியாகத் தெரிவதால் மாதக்கணக்கில் இது எவர் கண்ணிலும் படுவதில்லை.

இதனோடு சேர்ந்த மற்றொரு குழப்பமும் உண்டு. ஒரு பக்கத்தை அட்டவணையில் சேர்க்கவேண்டாம் எனக் கூறும் குறி அந்தப் பக்கத்தினுள்ளேயே இருக்கும். பக்கத்தையே படிக்கக் கூடாதென ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டால், அக்குறியை ஊர்வி காணவே முடியாது. வேறு தளங்கள் அப்பக்கத்திற்கு இணைப்புத் தந்திருந்தால், அதன் முகவரி தேடல் விடையில் தோன்றவும் கூடும். மறைக்க எண்ணியது வெளிப்பட்டு, காட்ட எண்ணியது மறையும் விந்தை இது.

இந்திய மொழிகளில் அமைந்த பக்கங்களுக்குத் தனியானதோர் இடர் உள்ளது. ஒருங்குறி பரவுமுன் வழங்கிய பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் குறியெண்களின் மேல் நம் எழுத்துகளின் வடிவத்தைப் போர்த்தியவை. கிருதிதேவ் எழுத்துருவில் 'பாரத்' என்னும் இந்திச் சொல் எச், கே, கே, ஜே, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படும். தமிழில் பாமினி எழுத்துருவும் அத்தகையதே. மனிதக் கண் வடிவத்தைப் பார்க்கிறது; ஊர்வியோ குறியெண்ணைப் படிக்கிறது. எனவே ஒருங்குறியில் தேடுபவருக்கு அப்பக்கம் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய கோப்புகளை மாற்றும் பணி, புதியவற்றை உருவாக்குவதுபோல் எவரையும் கவர்வதில்லை.

கையொப்பமிட்ட ஆணையை ஒளிவருடி, படமாகவே தளத்தில் ஏற்றும் வழக்கமும் ஏறத்தாழ இதே விளைவைத் தருகிறது. சில தேடுபொறிகள் படத்திலுள்ள எழுத்தை உய்த்தறிய முயல்கின்றன. ஆனால் மங்கிய நகலில், அதிலும் இந்திய எழுத்துகளில், அதனை நம்பியிருத்தல் இயலாது. மாவட்டம், ஆண்டு எனப் பட்டியலில் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டுமே திறக்கும் விவரங்களும் ஊர்விக்குப் பொதுவாக எட்டுவதில்லை. அவற்றிற்கு நேரடி இணைப்புள்ள பட்டியல் ஒன்றையும் சேர்த்துத் தருதல் நலம்.

தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளை அப்படியே கைவிடுவது மற்றொரு பெருந்தவறு. பக்கம் நிலையாக இடம் மாறிவிட்டது என்பதை 301 என்னும் குறியெண்ணால் அறிவித்தால், பழைய முகவரிக்குச் சேர்ந்திருந்த மதிப்பு புதியதற்குச் செல்லும். இல்லாத பக்கத்திற்கு 404 என விடை தரவேண்டும். சில தளங்கள் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று திரையில் எழுதிவிட்டு, எல்லாம் நலம் எனப் பொருள்படும் 200-ஐ ஊர்விக்கு அனுப்புகின்றன. எல்லாப் பக்கங்களுக்கும் துறையின் பெயரையே தலைப்பாக இடுவதும் இத்தகைய கவனக்குறைவே.

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கி 2009-இல் வெளிவந்த, அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்துள்ளது. ஒப்பந்தக்காரரிடமிருந்து தளத்தைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர் முகப்பின் அழகை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுதல் போதாது. ரோபாட்ஸ் கோப்பைத் திறந்து ஒருமுறை படிக்கலாம். கூகுள் இலவசமாக வழங்கும் சர்ச் கன்சோலில், எந்தப் பக்கம் எக்காரணத்தால் அட்டவணையில் சேரவில்லை என்பதைக் காணலாம். எழுத்துருவைச் சோதிக்கக் கருவியே தேவையில்லை. பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்துத் தேடுபொறியின் கட்டத்தில் ஒட்டினால், தமிழோ இந்தியோ தோன்றவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடந்தால், அந்தப் பக்கம் இன்னும் பழைய எழுத்துருவிலேயே உள்ளது.