குழியைப் பார்த்தால் பவளம் தெரியும்

புதுச்சேரிக் கடலோரத்தில் பவளத்திட்டு இல்லை. பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும்தான் போக வேண்டும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. மண்டபம் பக்கம் கரையொதுங்கும் வெள்ளைக் கற்களைப் பார்ப்பவர்கள், கிளைவிட்டிருந்தால் மான்கொம்பு, உருண்டிருந்தால் மூளைப் பவளம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். உருவத்தை இப்படி நம்புவது சரியல்ல. ஒரே இனம் அலை மோதும் இடத்தில் குட்டையாகத் தடித்து வளரும். வெளிச்சம் குறைந்த ஆழத்தில் தட்டையாக விரியும். நிறமோ பெரும்பாலும் உள்ளே குடியிருக்கும் நுண்பாசியின் உபயம். பவளம் செத்தால் அதுவும் போய்விடும்.

நம்பத்தக்க அடையாளம் பவளத்தின் சிற்றுயிரான பாலிப் உட்கார்ந்திருந்த சுண்ணாம்புக் குழியில் இருக்கிறது. அக்ரோபோரா என்ற பேரினத்தின் கிளை நுனியில் ஒரு பெரிய குழியும் பக்கங்களில் சிறிய குழாய்களும் இருக்கும். அதே குடும்பத்து மோன்டிபோராவுக்கு அந்த நுனிக்குழி கிடையாது. பொரைட்டிஸின் குழிகள் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாமல் நெருக்கியடித்துக் கிடப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் கல் வழவழப்பாகத் தெரியும். ஃபேவைட்டிஸில் தேன்கூட்டு அறைகளைப் போல இரு குழிகளுக்கு ஒரே பொதுச்சுவர். டிப்சாஸ்ட்ரேயாவில் குழிக்கொரு தனிச்சுவர், சுவர்களுக்கு நடுவே பள்ளம். பிளாட்டிகைராவில் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளைந்து நெளியும் வாய்க்கால்களாகிவிடும். (நகைக்கடைச் செம்பவளத்தில் இந்தக் குழிகளைத் தேட வேண்டாம், அது எட்டு உணர்கொம்பு உடைய வேறு கூட்டம்.)

மரபணு ஆய்வு வந்தபின் கண்ணை நம்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் கடல் பவளங்கள் சிலவற்றுக்கு நெடுங்காலம் வழங்கிய ஃபேவியா என்ற பெயர் 2012-இல் அட்லாண்டிக் இனங்களோடு நின்றுவிட்டது. இங்குள்ளவை டிப்சாஸ்ட்ரேயா ஆயின. கடல் கடந்த உறவைச் சொல்வதில் கண் தோற்றது உண்மை. ஆனால் மன்னார் வளைகுடாவுக்குள் ஃபேவைட்டிஸையும் டிப்சாஸ்ட்ரேயாவையும் பிரிக்க அந்தச் சுவர் இன்றும் போதும். பேரினம் வரை கண்ணால் போகலாம். இனப்பெயரை நிபுணர்களுக்கு விட்டுவிடுவதே நல்லது. பேரினம் தெரிவதே பெரிய பயன்தான்: 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது அங்கே அக்ரோபோராவும் மோன்டிபோராவும்தான் அதிகம் மடிந்தன. கரையில் கிடப்பது தேய்ந்த கல்லாயிற்றே என்ற ஆட்சேபமும் உண்டு. அலையில் உருண்ட பக்கம் தேய்ந்தாலும், பொந்துகளுக்குள் குழிகள் பிழைத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பெயர் சொல்லாமல் விடுவதே நேர்மை. கல்லை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, குழிகள் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளலாம்.